வாசகர் கேள்வி–பதில்: ஆராய்கிறவர் யார் என்பதும் கேள்விதான்

அமெரிக்க மக்களிடையே நிலவும் உடல்நல ஏற்றத்தாழ்வுகளைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியபோது, பல சமூகங்களிலிருந்தும் மருத்துவ-விஞ்ஞானிகள் உருவானாலொழிய இந்த இடைவெளி குறையாது என்று போகிறபோக்கில் ஒரு வரி சொல்லியிருந்தேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த ஒரு வரியைப் பற்றியவை. சிலர் ஆமோதித்தும், சிலர் கடுமையாக மறுத்தும் எழுதியிருக்கிறார்கள். ஒரே பொருளைக் கேட்ட கடிதங்களை ஒன்றாக்கி இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி: என் மகள் மருத்துவப் பட்டத்தையும் முனைவர் பட்டத்தையும் சேர்த்துத் தரும் எம்.டி.–பிஎச்.டி. இணைப்புப் படிப்பில் சேர விரும்புகிறாள். எட்டு ஆண்டுகள் ஆகும் என்கிறாள். மருத்துவ-விஞ்ஞானி என்பவர் யார்? இதற்கு ஏன் இவ்வளவு காலம்? — நியூ ஜெர்சியிலிருந்து ஒரு தாய்

பதில்: மருத்துவராக முழுப் பயிற்சி பெற்று, நோயாளிகளைப் பார்ப்பதையும் விடாமல், பணிநேரத்தின் பெரும்பகுதியை ஆய்வுக்குக் கொடுப்பவரையே மருத்துவ-விஞ்ஞானி என்கிறார்கள். அமெரிக்க மருத்துவர்களில் இத்தகையோர் 2 சதவீதத்துக்கும் குறைவு. மருத்துவ ஆய்வுக்கு நிதி தரும் அமெரிக்க அரசின் அமைப்பான, என்.ஐ.எச். என்று சுருக்கமாக வழங்கும் தேசிய சுகாதார நிறுவனங்கள் 1964-ஆம் ஆண்டில் மூன்று கல்லூரிகளில் இதற்கென ஒரு பயிற்சித் திட்டத்தைத் தொடங்கின. இன்று அது ஐம்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் நடக்கிறது. இத்திட்டத்தில் சேர்ந்தவர் கல்விக் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை. வாழ்க்கைச் செலவுக்கு உதவித்தொகையும் உண்டு. முதலில் மருத்துவப் பாடங்கள், நடுவில் நான்கு ஆண்டுகள் அளவில் முனைவர் பட்ட ஆய்வு, பிறகு மீண்டும் மருத்துவமனைப் பயிற்சி என்று எட்டு ஆண்டுகள் போய்விடும். மகள் சொன்ன கணக்கு சரிதான், ஆனால் அது முதல் கட்டத்துக்கு மட்டுமே. அதன்பின் உறைவிட மருத்துவப் பயிற்சி, சிறப்புத் துறைப் பயிற்சி, வழிகாட்டியின் கீழ் சில ஆண்டுகள் ஆய்வு எல்லாம் இருக்கின்றன. இவற்றைக் கடந்து, தம் பெயரில் முதல் பெரிய ஆய்வு நிதியைப் பெறும்போது ஒருவரின் சராசரி வயது ஏறத்தாழ 44. இந்த வயதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் ஒரு பதிலுக்கு இது தேவைப்படும்.

கேள்வி: அறிவியல் யார் செய்தாலும் அறிவியல்தானே? ஆய்வுக்கூடத்தில் இருப்பவரின் நிறமும் பிறப்பும் முடிவை எப்படி மாற்றும்? — ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் ஒருவர்

பதில்: அளந்து பார்த்த பிறகு கிடைக்கும் முடிவு எல்லோருக்கும் ஒன்றுதான். எதை அளப்பது, யாரிடம் அளப்பது, கிடைத்த முடிவை எவ்வளவு அவசரமாக எடுத்துக்கொள்வது என்பவற்றில்தான் ஆளுக்கு ஆள் வேறுபாடு வருகிறது.

விரல் நுனியில் மாட்டி இரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் காட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டரைக் கொரோனாக் காலத்தில் பார்க்காதவர்கள் இருக்க முடியாது. அது தோலின் ஊடே ஒளியைச் செலுத்தி, எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்பதைக் கொண்டு கணக்கிடுகிறது. தோலின் நிறமியும் ஒளியை உறிஞ்சும் என்பதால் கருமையான தோலில் கணக்குப் பிசகக்கூடும். அமெரிக்காவில் தீவிர சிகிச்சைப் பிரிவு நோயாளிகளை ஆராய்ந்த அமல் ஜுப்ரான், மார்ட்டின் டோபின் ஆகிய இருவர், கறுப்பின நோயாளிகளிடம் இக்கருவியின் அளவு அவ்வளவு நம்பகமாக இல்லை என்று 1990-ஆம் ஆண்டிலேயே எழுதினார்கள். கட்டுரை வெளியானது. கருவியோ பெரிதாக மாறாமலே உலகெங்கும் விற்றது. முப்பது ஆண்டுகள் கழித்து, 2020-இல் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் இரத்தத்தை நேரடியாகச் சோதித்த அளவுகளோடு ஒப்பிட்டார்கள். கருவி 92 முதல் 96 சதவீதம் என்று காட்டிய வேளையில், உண்மையில் 88 சதவீதத்துக்கும் கீழே இருந்த அளவீடுகள் வெள்ளையரிடம் 3.6 சதவீதம், கறுப்பினத்தவரிடம் 11.7 சதவீதம். அதாவது, ஆபத்தான நிலையில் இருப்பவரைக் கருவி 'பரவாயில்லை' என்று சொல்லிவிடும் வாய்ப்பு ஒரு தரப்பாருக்கு மூன்று மடங்கு. ஆக்சிஜன் கொடுப்பதா, படுக்கை ஒதுக்குவதா என்பதை அந்த எண்ணை வைத்தே தீர்மானித்த ஆண்டு அது.

இதைச் சதி என்று நான் சொல்லவில்லை. 1990-இல் அதைக் கண்டவர்களும் கறுப்பினத்தவர் அல்லர். நல்ல ஆய்வாளர் எவரும் அதைக் கண்டிருக்கலாம். ஆனால் கண்டதற்குப் பிறகு முப்பது ஆண்டுகள் அது எவருக்கும் உறுத்தவில்லையே, அதைத்தான் யோசிக்க வேண்டும். அந்தக் கருவியைத் தன் தந்தையின் விரலில் மாட்டி, காட்டும் எண்ணை நம்ப முடியாமல் நிற்கும் நிலையிலுள்ளவர்கள், கருவியை வடிவமைப்பவர்களிலும் அனுமதிப்பவர்களிலும் ஆய்வுக்குப் பணம் ஒதுக்குபவர்களிலும் போதிய எண்ணிக்கையில் இருந்திருந்தால், விஷயம் இவ்வளவு காலம் கிடப்பில் கிடந்திருக்காது என்பதே என் எண்ணம்.

கேள்வி: கறுப்பின மருத்துவர்கள் எண்ணிக்கையில் குறைந்ததற்கு வறுமைதானே காரணம்? — ஒரு வாசகர்

பதில்: வறுமை ஒரு காரணம், திட்டமிட்ட முடிவுகளும் காரணம். 1910-இல் ஆப்ரகாம் ஃபிளெக்ஸ்னர் அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளை ஆய்ந்து அளித்த அறிக்கை தரமற்ற பல கல்லூரிகளை மூடச் செய்தது. அதற்காக இன்றும் அதைப் பாராட்டுவோர் உண்டு. அதே அறிக்கை, கறுப்பினத்தவருக்கென இருந்த ஏழு மருத்துவக் கல்லூரிகளில் ஹோவர்ட், மெஹாரி ஆகிய இரண்டை மட்டுமே காப்பாற்றத் தக்கவை என்றது. கறுப்பின மருத்துவர் தம் இனத்தவருக்குச் சுகாதாரம் கற்பிப்பவராக இருந்தால் போதும் என்ற கருத்தும் அதில் இருந்தது. மற்ற ஐந்தும் மூடப்பட்டன. அவை தொடர்ந்து நடந்திருந்தால் ஏறத்தாழ 35,000 பேர் கூடுதலாகப் பட்டம் பெற்றிருப்பார்கள் என்று 2020-இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிடுகிறது. மாணவர்க்கு வழிகாட்டி அமைவது பெரும்பாலும் முந்தைய தலைமுறையிலிருந்துதான் என்பதால், இந்த இழப்பு அந்த எண்ணிக்கையோடு முடிவதில்லை.

கேள்வி: கறுப்பினத்தவருக்குக் கறுப்பின மருத்துவர்தான் பார்க்க வேண்டும் என்கிறீர்களா? இது பிரிவினை அல்லவா? — மருத்துவ மாணவர் ஒருவர்

பதில்: அப்படிச் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. ஆனால் நம்பிக்கைக்கும் உடல்நலத்துக்கும் உள்ள தொடர்பு கற்பனையன்று. கலிஃபோர்னியாவின் ஓக்லாண்டில் மார்செல்லா அல்சானும் அவருடைய குழுவினரும் நடத்திய ஆய்வில், முடிதிருத்தும் கடைகளிலும் சந்தைகளிலும் சந்தித்த கறுப்பின ஆண்களைத் தடுப்பு மருத்துவச் சோதனைகளுக்கு அழைத்து, குலுக்கல் முறையில் சிலருக்குக் கறுப்பின மருத்துவரையும் சிலருக்கு வேற்றின மருத்துவரையும் ஒதுக்கினார்கள். மருத்துவரின் படத்தை மட்டும் பார்த்து, என்னென்ன சோதனை வேண்டும் என்று குறித்தபோது இரு தரப்பிலும் வேறுபாடு இல்லை. நேரில் பேசிய பிறகுதான் வேறுபாடு தோன்றியது: கறுப்பின மருத்துவரிடம் பேசியவர்கள் கூடுதலான சோதனைகளுக்குச் சம்மதித்தார்கள், குறிப்பாக இரத்தம் எடுக்க வேண்டிய சோதனைகளுக்கு. அந்த அறைக்குள் நடந்த உரையாடலில் ஏதோ இருந்திருக்கிறது. அது என்ன என்று கண்டுபிடித்தால் எந்த இனத்து மருத்துவருக்கும் கற்பிக்கலாம். நான் இந்த ஆய்வை மதிப்பது அதற்காகத்தான். அல்சான் மருத்துவம் படித்து, பொருளாதாரத்தில் முனைவர் பட்டம் பெற்றவர் என்பதையும் கவனியுங்கள். மருத்துவ-விஞ்ஞானி என்றாலே சோதனைக் குழாயோடு நிற்பவர் என்று எண்ண வேண்டியதில்லை.

நம்பிக்கை குலைந்ததற்குக் காரணமும் உண்டு. அலபாமா மாநிலத்தின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை அரசின் பொதுச் சுகாதாரத் துறை, கிரந்தி நோயுற்ற 399 கறுப்பின ஆண்களுக்குப் பெனிசிலின் வந்த பிறகும் சிகிச்சை தராமல், நோய் எப்படி முற்றுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தது.

கேள்வி: சிறுபான்மையினருக்காக நடக்கும் ஆய்வால் மற்றவர்களுக்கு என்ன பயன்? வரிப்பணம் பொதுவானதல்லவா? — டெக்சஸ் வாசகர்

பதில்: நீங்கள் இருக்கும் மாநிலத்திலேயே இதற்கு விடை இருக்கிறது. டாலஸ் நகரில் 2000-ஆம் ஆண்டையொட்டித் தொடங்கிய இதய ஆய்வில் கறுப்பினத்தவர்களைப் போதிய எண்ணிக்கையில் சேர்த்தே தீருவது என்று முடிவெடுத்தார்கள். அதில் கிடைத்த இரத்த மாதிரிகளை ஆராய்ந்த ஹெலன் ஹாப்ஸ் என்ற மருத்துவ-விஞ்ஞானியும் ஜோனதன் கோஹனும், கெட்ட கொழுப்பு வியக்கத்தக்க அளவில் குறைந்திருந்த சிலரிடம் பி.சி.எஸ்.கே.9 என்ற மரபணு செயலிழந்திருப்பதைக் கண்டார்கள். இந்த மாற்றம் கறுப்பினத்தவரில் ஏறத்தாழ நூற்றுக்கு இருவரிடம் இருந்தது. வெள்ளையரிடம் மிக அரிது. வேறொரு நீண்டகால ஆய்வில் பார்த்தபோது, இம்மாற்றம் உடைய கறுப்பினத்தவருக்கு இதய நோய் வரும் வாய்ப்பு 88 சதவீதம் குறைந்திருந்தது. அந்த மரபணு உண்டாக்கும் புரதத்தைத் தடுக்கும் மருந்துகள் 2015-இல் அனுமதி பெற்றன. இன்று எல்லா இனத்தவரும் அவற்றைப் போட்டுக்கொள்கிறார்கள். பழைய வழக்கப்படி வெள்ளையரை மட்டும் கொண்டு அந்த ஆய்வு நடந்திருந்தால் இந்தத் தடயம் கண்ணில் படாமலே போயிருக்கலாம்.

மறுபக்கமும் உண்டு. பரம்பரை இரத்த நோயான அரிவாள்செல் இரத்தசோகை அமெரிக்காவில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேரைப் பீடிக்கிறது, பெரும்பாலோர் கறுப்பினத்தவர். அதன் மூலக்கூறு அடிப்படை 1949-லேயே தெரிந்தும், முதல் மருந்தான ஹைட்ராக்ஸியூரியா பெரியவர்களுக்கு அனுமதி பெற்றது 1998-இல். நுரையீரலைப் பாதிக்கும் பரம்பரை நோயான, பெரும்பாலும் வெள்ளையரைத் தாக்கும் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயாளிகளின் எண்ணிக்கை இதில் பாதிகூட இல்லை. ஆயினும் ஒரு நோயாளிக்கு இவ்வளவு என்று கணக்கிட்டால், அந்த நோய்க்குக் கூட்டாட்சி அரசு தந்த ஆய்வுப் பணம் மூன்று மடங்குக்கு மேல். தனியார் அறக்கட்டளைகளின் பணத்தையும் சேர்த்தால் இடைவெளி இன்னும் பெரிது. பொதுப் பணம் பொதுவாகத்தான் செலவாகிறதா என்ற உங்கள் கேள்வியை இந்தப் பக்கத்திலிருந்தும் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: எத்தனையோ திட்டங்கள் வந்தும் சிறுபான்மை மருத்துவ-விஞ்ஞானிகளின் எண்ணிக்கை உயரவில்லையே. எங்கே தவறுகிறது? எது பலன் தந்திருக்கிறது? — கல்லூரிப் பேராசிரியர் ஒருவர்

பதில்: வாதமெல்லாம் கல்லூரி வாசலில், யாரைச் சேர்ப்பது என்பதிலேயே நின்றுவிடுகிறது. சேர்ந்தவர்கள் பின்னர் எங்கே உதிர்கிறார்கள் என்பதைப் பார்ப்பவர்கள் குறைவு. என் பார்வையில் உண்மையான இழப்பு அங்கேதான் நிகழ்கிறது.

முதலில் பலன் தந்ததைச் சொல்கிறேன். மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் பால்டிமோர் கவுண்டி வளாகத்தில் 1988-இல் மேயர்ஹாஃப் நன்கொடையால் ஒரு திட்டம் உருவானது; அதை வளர்த்தவர் பின்னாளில் அங்கே தலைவரான ஃபிரீமன் ஹ்ரபோவ்ஸ்கி. முதல் அணியினர் பத்தொன்பது கறுப்பின மாணவர்கள். பிறகு அது எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. வகுப்புகள் தொடங்குவதற்கு முந்தைய கோடையிலேயே மாணவர்களை ஒன்றாகத் தங்கவைத்துக் கணிதமும் அறிவியலும் கற்பிப்பார்கள். தனியாகப் படிப்பதைவிடக் கூடிப் படிப்பதே அங்கே நடைமுறை. இளங்கலைத் தொடக்கத்திலேயே உண்மையான ஆய்வுக்கூடத்தில் வேலை உண்டு. பின்தங்கியவர்களைக் கைதூக்கிவிடுவது என்ற பேச்சே அங்கில்லை. சிறந்தவர்களை மிகச் சிறந்தவர்களாக்குவது என்பதே தொனி. எம்.டி.–பிஎச்.டி. முடிக்கும் கறுப்பின மாணவர்களை அனுப்பும் இளங்கலைக் கல்லூரிகளில் இன்று அது முன்னணியில் நிற்கிறது. கொரோனாத் தடுப்பூசி ஆய்வில் முக்கியப் பங்காற்றிய கிஸ்மெக்கியா கோர்பெட் அங்கே பயின்றவர். ஒரு தலைவரின் கைராசியால் நடந்தது என்று ஒதுக்கவும் முடியாது. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகமும் வட கரோலைனாப் பல்கலைக்கழகமும் இம்முறையைத் தம்மிடம் செயல்படுத்தி ஒத்த பலன் கண்டதாக 2019-இல் எழுதியிருக்கின்றன.

இனி, உதிரும் இடம். டோனா கிந்தர் குழுவினர் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், படிப்பு, வெளியீடுகள், நிறுவனம் எல்லாவற்றையும் சமன்செய்து பார்த்த பிறகும், கறுப்பின ஆய்வாளர் என்.ஐ.எச். நிதி பெறும் வாய்ப்பு வெள்ளையரைவிட 10 சதவீதப் புள்ளிகள் குறைந்திருந்தது. என்.ஐ.எச். தானே 2019-இல் காரணங்களை ஆராய்ந்தபோது, தேர்ந்தெடுக்கும் ஆய்வுப் பொருளே அந்த இடைவெளியில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் விளக்கியது. சமூக அளவிலும் மக்கள்தொகை அளவிலும் செய்யும் ஆய்வுகளைக் கறுப்பின ஆய்வாளர்கள் கூடுதலாக முன்மொழிகிறார்கள்; அவற்றுக்குப் பணம் கிடைப்பது அரிது. ஆக, ஏற்றத்தாழ்வை ஆராயவென்று ஒருவரைப் பயிற்றுவித்துவிட்டு, அவர் அதையே ஆராயப் புறப்படும்போது 'இது அவ்வளவு முக்கியமான பொருளில்லை' என்று திருப்பி அனுப்புகிறோம். இந்த முரண்பாட்டைத் தீர்க்காமல் வாசலை எவ்வளவு அகலமாகத் திறந்தாலும் பயனில்லை.

அடுத்து, முன்பு சொன்ன 44 வயது. இணைப்புப் படிப்பில் இடம் கிடைக்காமல் எம்.டி. மட்டும் முடித்தவருக்குக் கல்விக் கடன் 2 லட்சம் டாலர் அளவில் இருப்பது சாதாரணம். குடும்பத்தில் முதன்முதலாகப் படித்து வந்தவர் என்றால் அவருடைய வருமானத்தை எதிர்பார்த்துப் பெற்றோரும் உடன்பிறந்தோரும் இருப்பார்கள். மருத்துவமனை வேலையில் சேர்ந்தால் உடனே நல்ல சம்பளம். ஆய்வுக்குப் போனால் பல ஆண்டுகள் குறைந்த சம்பளமும் நிச்சயமின்மையும். வசதியான வீட்டுப் பிள்ளை தாங்கிக்கொள்ளும் காத்திருப்பை மற்றவர் தாங்க முடியாது. ஆய்வில் ஈடுபடுவோரின் கடனில் ஆண்டுக்கு 50,000 டாலர் வரை அரசே அடைக்கும் என்.ஐ.எச். ஏற்பாட்டை நான் மதிப்பது இதனால்தான். ஊக்கவுரைகளைவிட இது எத்தனையோ மேல்.

சிறுபான்மை ஆசிரியர் துறையில் ஒருவரே இருந்தால் ஒவ்வொரு குழுவிலும் அவரையே உறுப்பினராக்கி, எல்லாச் சிறுபான்மை மாணவர்க்கும் அவரையே வழிகாட்டியாக்கி, ஆய்வுக்கான நேரத்தைத் தின்றுவிடுவதும் நடக்கிறது. இதற்கு மருந்து எளிது: அந்த வேலையைப் பணி உயர்வில் கணக்கில் எடுங்கள், அல்லது மற்றவர்களுக்கும் பகிர்ந்து கொடுங்கள்.

கேள்வி: ஏற்றத்தாழ்வை ஆராயப்போகும் மருத்துவ-விஞ்ஞானிகளுக்குப் பயிற்சியில் என்ன தனியாகக் கற்பிக்க வேண்டும்? — உறைவிட மருத்துவர் ஒருவர்

பதில்: பண்பாட்டு உணர்வு பற்றிய ஒருநாள் வகுப்பில் எனக்கு அவ்வளவு நம்பிக்கையில்லை. நாம் அன்றாடம் பயன்படுத்தும் சூத்திரங்கள் எங்கிருந்து வந்தன என்று விசாரிக்கக் கற்பித்தால் அது நிற்கும்.

சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்பதை தசையிலிருந்து இரத்தத்தில் சேரும் கழிவுப் பொருளான கிரியாட்டினினின் அளவைக் கொண்டு கணக்கிடுவார்கள். 2009-இன் சூத்திரம், நோயாளி கறுப்பினத்தவர் என்றால் விடையை 1.159-ஆல் பெருக்கச் சொன்னது. வயது, பால், கிரியாட்டினின் எல்லாம் ஒன்றாக உள்ள இருவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு விடை 18. கறுப்பினத்தவரான மற்றவருக்கு அதே 18 பெருக்கப்பட்டு 20.9. மாற்றுச் சிறுநீரகத்துக்கான காத்திருப்புக் காலம் எண்ணப்படுவது 20 அல்லது அதற்குக் கீழே வந்த பிறகுதான். எனவே முதலாமவரின் காத்திருப்பு தொடங்கிவிட்டது. இரண்டாமவர் இன்னும் நோய் முற்றக் காத்திருக்க வேண்டும். கறுப்பினத்தவருக்குத் தசை மிகுதி என்ற, போதிய ஆதாரமற்ற ஊகமே இதற்கு விளக்கமாகச் சொல்லப்பட்டு வந்தது. பல கல்லூரிகளில் மருத்துவ மாணவர்களே 'இது ஏன்?' என்று விடாமல் கேட்டார்கள். 2021-இல் இனத்தைக் கணக்கில் எடுக்காத புதிய சூத்திரம் பரிந்துரைக்கப்பட்டது. பழைய சூத்திரத்தால் காலம் இழந்த கறுப்பின நோயாளிகளின் காத்திருப்புக் காலத்தைத் திருத்துமாறு 2023-இல் உத்தரவும் வந்தது.

இத்துடன் புள்ளியியலும், ஊர்மக்களோடு சேர்ந்து ஆய்வை வடிவமைக்கும் முறையும் வேண்டும். மிசிசிப்பியில் 5,306 கறுப்பினத்தவரைத் தொடர்ந்து கவனித்துவரும் ஜாக்சன் இதய ஆய்வு, உள்ளூர்க் கல்லூரிகளையும் பங்காளிகளாக்கி, அங்குள்ள இளங்கலை மாணவர்களுக்கு ஆய்வுப் பயிற்சியையும் தன்னோடு பிணைத்துக்கொண்டது. நோயறியும் இடத்திலேயே நாளைய ஆய்வாளரும் உருவாகிறார். இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தென்படவில்லை.

கேள்வி: அமெரிக்காவில் வாழும் நம்மவர்கள் இந்தக் கணக்கில் எங்கே வருகிறோம்? — சிகாகோவிலிருந்து ஒருவர்

பதில்: ஆராய்பவர், ஆராயப்படுபவர் என்ற இரண்டு இடத்திலும் வருகிறோம். மருத்துவத்திலும் ஆய்விலும் ஆசியர்கள் குறைவான பிரதிநிதித்துவம் உடையவர்களாக என்.ஐ.எச். கணக்கில் கொள்ளப்படவில்லை, அது நியாயமே. ஆனால் ஆய்வுக்கு உட்படுபவர்கள் என்ற வகையில் நீண்டகாலம் காணாமல் போயிருந்தோம். நான்கு இனக் குழுக்களை வைத்து 2000-இல் தொடங்கிய பெரிய இதய ஆய்வு ஒன்றில் சீனர் உண்டு, தெற்காசியர் இல்லை. அந்தக் குறையைப் போக்கவே அல்கா கனாயா முதலியோர் 2010-இல் சான் ஃபிரான்சிஸ்கோப் பகுதியிலும் உங்கள் சிகாகோவிலும் 'மசாலா' என்ற ஆய்வைத் தொடங்கினார்கள். பெயரைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம். தெற்காசியரிடம் நீரிழிவு மற்ற குழுக்களைவிட மிகுதி என்பதை எண்களோடு காட்டியது அது. உடல் எடைக் குறியீடு 25-ஐ எட்டும்வரை காத்திராமல் ஆசியர்க்கு 23-லேயே நீரிழிவுச் சோதனை செய்யலாம் என்று அமெரிக்க நீரிழிவுச் சங்கம் 2015-இல் பரிந்துரைத்திருக்கிறது. உங்கள் மருத்துவர் இதைச் சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள்.

கேள்வி: உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு இத்திட்டங்களுக்கு எதிர்காலம் உண்டா? — பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: 2023 ஜூன் 29-ஆம் நாள் தீர்ப்பு, மாணவர் சேர்க்கையில் இனத்தை ஓர் அளவுகோலாகக் கொள்வதைத் தடுத்தது. 2024-இல் மருத்துவக் கல்லூரிகளில் புதிதாகச் சேர்ந்த கறுப்பின மாணவர் எண்ணிக்கை முந்தைய ஆண்டைவிட 11 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. 2025-இல் என்.ஐ.எச். ஏற்றத்தாழ்வு ஆய்வுகளுக்கும் பயிற்சிகளுக்கும் அளித்த பல நிதியுதவிகளை நிறுத்த, வழக்குகள் தொடர்ந்தன. இனி, பெற்றோர் கல்லூரிக்குச் செல்லாதவர், கிராமப்புறத்தில் வளர்ந்தவர், வறியவர்க்கான உதவித்தொகை பெற்றவர் என்பன போன்ற பின்னணிகளைக் கொண்டு தேர்ந்தெடுப்பதே சட்டத்துக்கு உட்பட்ட வழியாக இருக்கும். அது ஓரளவுக்கு உதவும். முழுமையாக ஈடுசெய்யும் என்று நான் நம்பவில்லை.

கேள்வி: எம்.டி. மட்டும் முடித்தவர் மருத்துவ-விஞ்ஞானி ஆக முடியாதா? — மருத்துவ மாணவி ஒருவர்

பதில்: தாராளமாக முடியும், பலர் அப்படி வந்தவர்களே. உறைவிடப் பயிற்சியின்போது ஆய்வுக்கென ஒதுக்கிய ஆண்டுகள் உள்ள இடமாகத் தேடுங்கள். சேரும் முன், அங்கே பயிற்சி முடித்த கடைசிச் சிலர் இப்போது எங்கே இருக்கிறார்கள், அவர்களில் எத்தனை பேர் இன்னும் ஆய்வில் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். வழிகாட்டி யார், வாரத்தில் எத்தனை நாள் நோயாளிகளைப் பார்க்க வேண்டியிருக்கும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.